ஆளுக்கொரு அட்டை

நல்லதண்ணி,
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மரங்களின் பெயரை எழுதி அவற்றிலேயே தொங்கவிடுவதற்காக, "நாளைக்கு ஆளுக்கொரு அட்டை கொண்டு வாங்கோ" என்று வகுப்பில் சொன்னேன். நம் மன்னாரில் அட்டை என்றால் காகித அட்டைதானே? இங்கே தேயிலை மலையில் மழைக்காலம், புல்லெல்லாம் அட்டைப்பூச்சி. இருபத்திரண்டு பிள்ளைகளும் போத்தல்களில் உயிரோடு பிடித்து வந்துவிட்டார்கள்!

"டீச்சர், என்னோடது ரத்தம் குடிச்சிருச்சு, பரவாயில்லீங்களா?" என்றாள் லோஜினி.

நான் மேசைமேல் ஏறிவிட்டேன். அதற்குள் ஒன்று காலில் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அட்டையைப் பற்றியே எழுதச் சொன்னேன். லோஜினி எழுதியது: "அட்டைக்கு டீச்சரப் புடிச்சிருக்கு. எங்களுக்கும்."

பழைய கலண்டர் அட்டைகளும் நீளக் காலுறையும் வேண்டும். தபாலில் நனைந்துவிடும், நீங்களே கொண்டு வாருங்கள். கால் வலித்தால் வேண்டாம். வலித்தாலும் வாருங்கள்.

மணி அடிக்கிறது.

மகள்,
டிலக்சி