மல்லாபூர் ஆகாயத்தாமரைக் கரிக்கூடத்தின் சீல்

அனுப்புநர்:
அ. சௌந்தரராஜன்,
மாரெட்பள்ளி, செகந்திராபாத்.

பெறுநர்:
இணை ஆணையர் அவர்கள்,
தொழில் உரிமப் பிரிவு, ஹைதராபாத்.

பொருள்: என் மனைவி தாரிணி மல்லாபூரில் நடத்திவந்த கரிக்கூடத்தின் சீலை அகற்றவும், வாசலில் அழுகும் ஆகாயத்தாமரையை அள்ளவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள் எந்த மேசையில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. தாங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று கேள்விப்பட்டு இதைத் தமிழில் எழுதுகிறேன்.

1. தாரிணி இரசாயனப் பொறியாளர். கம்பெனி வேலையை விட்டு, மல்லாபூரில் கொட்டகை பிடித்து, பக்கத்து ஏரியை மூடிக்கிடந்த ஆகாயத்தாமரையைக் கரியாக்கினார். பச்சைச் செடியைக் காயவைக்காமல், தண்ணீரோடு கலனில் அடைத்து அழுத்தத்தில் வேகவைக்கும் முறை. பெரிய பிரஷர் குக்கர் எனலாம். அந்தக் கரியை லோத்குண்டா பக்கத் தோட்டங்களில் புதைத்தோம். செடி காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயு திரும்பக் காற்றுக்குப் போகாமல் கரியாக மண்ணில் தங்கிவிடும். இந்த ஊர் வெளிவிடுவதில் கொஞ்சமாவது இப்படித் திரும்ப உள்ளே போகட்டும் என்பார்.

2. ஆய்வுக்கு வந்த அலுவலர், கரி செய்தால் அது கரிச்சூளை, நகர எல்லைக்குள் கூடாது என்று சீல் வைத்தார். விறகு இல்லை, மின்சாரத்தில்தான் சூடேறுகிறது என்று தாரிணி கலனைத் திறந்து காட்டினார். பட்டியலில் சூளை என்ற பெயர்தான் இருக்கிறது, வேறெப்படி எழுதுவது என்றார் அவர். மரியாதையாகவே சொன்னார்.

3. அன்று வந்திறங்கிய லோடு வாசலிலேயே கிடந்து மழையில் அழுகுகிறது. மண்ணுக்குள் போக வேண்டியது காற்றில் போகிறது. கொசுத் தொல்லை அதிகம். எதிர்வீட்டு சுஷ்மா அவர்களின் குழந்தைக்கு டெங்கு வந்தது. காரணம் எங்கள் குவியல்தானா என்று தெரியாது. பார்க்கப் போன தாரிணிக்கு அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் தாரிணி மண்வெட்டியோடு தானே அள்ளப் போனார். சீல் வைத்த இடத்தில் எதையும் தொடக்கூடாது என்று காவலர் திருப்பி அனுப்பினார்.

4. கலனை இயக்கிய அய்யாக்கண்ணு இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ஏரி மறுபடி மூடிக்கொண்டது. தாரிணி பழைய கம்பெனிக்கே திரும்பிவிட்டார். "இனிமே யாருக்கும் எழுதாதீங்க, போதும்" என்றார். இம்மனு அவருக்குத் தெரியாது.

சீல் அகலும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. குவியலையாவது அள்ள உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால் தயவுசெய்து வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். தொலைபேசியில் சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அரசாங்க உறை எது வந்தாலும், தாரிணி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பிரிக்கிறார்.

இடம்: செகந்திராபாத்
நாள்: 18.09.2024

தங்கள் கனிவை வேண்டும்,
(ஒப்பம்)
அ. சௌந்தரராஜன்