அப்பா கீபோர்டோடு படுக்கப் போகிறார்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

நீ அனுப்பிய பென் டிரைவ் வேலை செய்தது. அப்பா வேலைக்குப் போனதும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்த விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டேன். நாம் தட்டுவதையெல்லாம் பதிவு செய்ய அவர் ரகசியமாகப் போட்டிருந்த புரோகிராமும் அதோடு ஒழிந்தது. டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். அன்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நினைத்து, உன் புது வீட்டு முகவரியை அதில் ஏற்றிவிட்டு, நீ எழுதியனுப்பிய தாளைக் கிழித்துப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. எனக்கு அது மனப்பாடம். என் வாயிலிருந்து வராது. ஆனால் மெஷினில் இருக்கிறதே!

அப்பா திட்டவில்லை. சிரித்தார். "நம்ம வீட்டுலயே ஒரு இன்ஜினீயர் இருக்கிறது தெரியாமப் போச்சே!" என்றார். பிறகு பாஸ்வேர்டு கேட்டார். மறந்துவிட்டது என்றேன். "பரவாயில்லடி, நமக்கென்ன அவசரம்?" என்று என் தலையைத் தடவினார். அடித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன்முன் உட்கார்ந்துவிடுகிறார். ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்க்கிறார். பலிக்காததை நோட்டில் எழுதி அடிக்கிறார். அம்மா டீயை வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். படுக்கப் போகும்போது கீபோர்டைக் கழற்றித் தன் அறைக்கு எடுத்துப் போகிறார். வேலைக்குப் போகும்போது அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். முகவரியை அழிக்க எனக்கு வழியே இல்லை.

இன்று அவர் குளிக்கும்போது அந்த நோட்டைப் பார்த்தேன். முதலில் எல்லோருடைய பிறந்தநாளும் இருந்தது. கடைசி வரியில், நீ என்னைக் கூப்பிடும் செல்லப்பெயர். பாஸ்வேர்டின் முதல் பாதி அதேதான் அக்கா. அதன் பின்னால் நீ அத்தானோடு வீட்டைவிட்டுப் போன தேதி மட்டும்தான் பாக்கி. அந்தத் தேதியை அப்பா மறப்பாரா?

சாயங்காலம் பெரியப்பாவிடம் போனில் பேசினார். "வண்டியில பெட்ரோல் போட்டு வைங்கண்ணே. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா நமக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்.

உடனே வீட்டை மாற்றிவிடு. சாமான்களை விட்டுவிட்டாவது கிளம்பு. புது முகவரியை எனக்குக்கூடச் சொல்லாதே. நீ எழுதாவிட்டால் நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்வேன். நீயும் அத்தானும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நூறு வருஷம்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவாக இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். இது