லேப்டாப்புக்கு நான் பார்த்த வைத்தியம்

ஜூன் 2, திங்கள்

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்? அக்கா மகளுக்கு நான் ஆசையாகக் கொடுத்த பழைய லேப்டாப் காலையிலிருந்து இரைகிறது. ஃபேன் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. சரி, வாசல் வரை. பிராசஸர் நூறு சதவீதம் ஓடுகிறதாம். வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நேர்காணல், வீடியோவில். திரையைக் காட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டுமாம், ஃபோன் உதவாது. வீட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

என்னிடம் விடச் சொன்னேன். இந்தக் கட்டடத்திலேயே கணினி தெரிந்த ஆள் நான்தான். போன வாரம்கூட இரண்டாவது ஆன்டிவைரஸை என் கையாலேயே ஏற்றினேன். வாசலில் இரண்டு காவலாள் நின்றால் திருடன் எப்படி வருவான்?

ஜூன் 3

எப்படியோ வந்துவிட்டான். மூன்றாவது ஆன்டிவைரஸும் ஏற்றியாயிற்று.

ஜூன் 4

சனியன், இன்னும் மோசம். ஒரு எழுத்தைத் தட்டினால், போய்க் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் திரையில் வருகிறது. சூடு தணிய அடியில் ஈரத்துணி வைத்தேன். அக்கா பிடுங்கி எறிந்தாள்.

“டேய், நீ சரி பண்றேன்னு தொட்டது எதுடா இதுவரைக்கும் உருப்பட்டிருக்கு?”

அந்த மிக்ஸியை இவள் மறக்கவே மாட்டாளா?

ஜூன் 5, வியாழன்

கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் கழற்றிப் பார்த்தான், பிறகு எழுந்தே நின்றுவிட்டான். “சார், பிராசஸர் வெந்துபோச்சு. இத்தன நாள் ஓடினதே உங்க கைராசி.” அப்படியே வந்து வீட்டில் சொன்னேன்.

அக்கா மகள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள். நேர்காணலுக்கு வர இயலாது என்று எழுதிவிடப் போகிறாளாம். சோறுகூட வேண்டாம் என்றாள். எனக்கு என்னவோ போலிருக்கிறது. கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாமோ?

ஜூன் 6, வெள்ளி

அதை எழுதி அனுப்பும் முன், தன் கோப்புகளையாவது காப்பாற்றலாம் என்று உட்கார்ந்தவள், எது எவ்வளவு பிராசஸரைத் தின்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, மூணு ஆன்டிவைரஸ் ஓடுது. ஒண்ணு தொடுற ஃபைல இன்னொண்ணு சந்தேகப்பட்டுச் சோதிக்குது, அத மூணாவது சோதிக்குது. நாள் பூரா இதே சண்டை. யாரு போட்டது?”

இந்தக் காலத்தில் எதெது தானாக வந்து உட்காருகிறதோ, யார் கண்டது என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டை நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்தாள். ஃபேன் அடங்கிவிட்டது. நேர்காணலும் நடந்தது. கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், ஒரு இடத்திலும் திக்கவில்லை. லேப்டாப்பும்தான்.

ஜூன் 7

வேலை கிடைத்துவிட்டது! என் லேப்டாப் ஆயிற்றே.

அக்காவுக்குத்தான் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. “நல்லா இருக்குறத வெந்துபோச்சுன்னு சொல்லி எம் பொண்ணு வேலைக்கே உலை வெக்கப் பாத்தானே, அந்தக் கடைக்காரன். நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்” என்று செருப்பைத் தேடுகிறாள். செருப்பு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்குமோ தெரியவில்லை.

அந்த ஆள் பாவம். வியாழக்கிழமை கடை பூட்டியிருந்தது.