மோட்டாரை நான் கொடுக்கவில்லை

புவெர்த்தோ லூபுனா,
ஆகஸ்ட், ஞாயிறு பூசை முடிந்து

அன்பு மகள் சோய்லாவுக்கு அம்மா தொமிங்கா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் நாய் கபித்தானும் ஐந்து கோழிகளும் சுகம், ஆறாவது கோழி பாம்பின் வயிற்றில் சுகமாக இருக்கிறது. லீமாப் பனிமூட்டத்தில் உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதே கவலை. போனில் கேட்கலாம்தான், ஆனால் சிக்னல் கிடைப்பது மேட்டில் அந்த ஒரே மாமரத்தடியில், எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று நான் மூக்குச் சிந்துவதைக் கூட விடாமல் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, தப்பிருந்தால் என் வாத்தியாரைத் திட்டு, அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது, வருத்தப்பட மாட்டார்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மோட்டாரை உன் ஞானத்தகப்பன் செகுந்தோவிடம் கொடுத்துவிட்டாயா, வீட்டைப் பூட்டிக்கொண்டு எப்போது லீமாவுக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டிருந்தாய். பூட்டுவதற்கு நம் வீட்டுக்குச் சுவர் எங்கே இருக்கிறது மகளே. மோட்டாரையும் கொடுக்கவில்லை. கோபப்படாதே, கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. நீ லீமாக் குளிருக்கு என்று அனுப்பிய கம்பளிக் கோட்டும் வந்தது. போட்டுப் பார்த்தேன், இலையில் கட்டி நெருப்பில் போட்ட மீன் மாதிரி வெந்துபோனேன். கழற்றி மூலையில் வைத்தேன், புள்ளிக்கோழி அதில் ஏறி அடை உட்கார்ந்துவிட்டது. ஏழு குஞ்சு. இந்த ஆற்றங்கரையில் கம்பளியில் பிறந்த குஞ்சுகள் இவைதான், நடையே ஒரு தினுசாக இருக்கிறது.

மோட்டார் விஷயம் இப்படி. உங்கப்பா போனதிலிருந்து வாழைத்தாரைச் சரக்கு ஏற்றும் லாஞ்சுக்குக் கொண்டுபோக நான் செகுந்தோ படகைத்தான் நம்பியிருந்தேன். நல்ல மனுஷன், ஆனால் அவர் கிளம்பும்போதுதான் கிளம்புவார், இரண்டு முறை என் தார் கரையிலேயே கறுத்து அழுகிப்போனது. அவர் படகிலும் நான் வழக்கம்போல முன்னால் அணியத்தில்தான் உட்காருவேன். முப்பத்தோரு வருஷம் உங்கப்பா பின்னால் மோட்டாரைப் பிடிக்க, நான் முன்னால் இருந்து தண்ணீருக்கடியில் கிடக்கும் கட்டைகளைப் பார்த்துக் கை காட்டியவள் அல்லவா, கை தானாக இடமும் வலமும் எழும்பிக்கொண்டிருந்தது. செகுந்தோ பின்னாலிருந்து சிரிக்கிறார், எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது தங்கச்சி, கொசு ஓட்டுறியா, ஆசீர்வாதம் குடுக்கிறியா, கையை இறக்கு என்று. இறக்கினேன். அடுத்த வளைவில் மறுபடி எழும்பிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கப்பா படுக்கும் தூளியைப் பார்த்து அழுதேன், அழுதுகொண்டே மரவள்ளி உரித்தேன், விரலையும் சேர்த்து உரித்துக்கொண்டேன்.

ஜூனில் அருளப்பர் திருநாளுக்கு மோட்டாரை அவரிடம் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முந்தின வாரம் லாஞ்சு வரும் நாளில் தார் பழுக்கத் தொடங்கிவிட்டது, செகுந்தோவோ வலை தைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். கொடுக்கப்போகிற பொருள்தானே, ஒரு தடவை நாமே ஓட்டிப் பார்ப்போம் என்று மோட்டாரைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்து, நானும் கபித்தானுமாக அதை நம் படகில் ஏற்றினோம், கபித்தான் வேலை குரைப்பது மட்டும். கயிற்றை இழுத்தேன், அது வரவில்லை, நான்தான் பின்னால் விழுந்தேன். ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ லீமாவுக்குப் போன அன்று அரிசிக் கஞ்சிக்குத் திறந்த பால் டப்பாவை உங்கப்பா ஓட்டை விழுந்த புகைக்குழாயில் கம்பி போட்டுக் கட்டினாரே, அன்றிலிருந்து அந்த மோட்டார் மூன்று தரம் டொக் டொக் டொக், நாலாவது தரம் ஒரு இருமல். நம் ஊரில் யார் எந்த வளைவில் வருகிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே மோட்டார் சத்தத்தை வைத்துச் சொல்வார்களே. எட்டு மாதமாகக் கேட்காத அந்த இருமலைக் கேட்டதும் ஊரே கரைக்கு ஓடி வந்துவிட்டது மகளே. செகுந்தோ வீட்டு இலாரியா சிலுவை போட்டுக்கொண்டு, ஆர்த்தேமியோ, உன் தொமிங்காவை நாங்க நல்லாத்தான் பாத்துக்கிறோம், திரும்பிப் போயிரு சாமி என்று ஓங்கிக் கத்துகிறாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாளாம், என் சல்லடையை வாங்கி நாலு மாதம் ஆகிறது.

அவர்கள் பார்த்தது ஆவியை இல்லை, என்னை. அது அதைவிட மோசம். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும் என்று முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் திரும்பிப் பார்த்ததில்லை. கோவில் துறைக்கு நேரே மூன்று சுற்று சுற்றினேன். முதல் சுற்றில் அழுதவர்கள் மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தங்கச்சி, தேர்ப்பவனி எடுக்கிறியா, சாமியும் கூட வருதா என்று செகுந்தோ. கடைசியில் மணல்மேட்டில் ஏறி நின்றேன், தார்களில் பாதி ஆற்றோடு போனது, கபித்தான் அவற்றோடு நீந்திப்போய் வெறும் வாயோடு திரும்பி வந்தது.

செகுந்தோ வந்து படகைத் தள்ளிவிட்டார். சிரிப்பெல்லாம் அடங்கியபின், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், இந்தச் சத்தத்தோட நான் ஓட்டினா ஊர் தினமும் கரைக்கு ஓடி வரும், அந்த டப்பாவைக் கழட்டிட்டா மத்த மோட்டார் மாதிரி ஆயிரும் தங்கச்சி என்று. சொல்லிக்கொண்டே கம்பியில் கை வைத்தார். சுள்ளென்று அவர் கையில் ஒன்று போட்டேன். நானா அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. டப்பா சூடு வேறு, அவருக்கு அடியும் சூடும் ஒன்றாக விழுந்தது. கையை உதறிக்கொண்டு, சரி, நீயே வச்சுக்க, ஆனா ஓட்டக் கத்துக்க, இல்லேன்னா ஆர்த்தேமியோ வந்து என்னைத்தான் கேப்பான் என்றார். மறுநாளிலிருந்து அவரே சொல்லித்தந்தார். இப்போது லாஞ்சுக்கு ஆறு தடவை தனியாகப் போய் வந்துவிட்டேன், கட்டையில் இடித்தது நாலு தடவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கை காட்டினால் பார்க்க மாட்டீர்களா, கண் எங்கே இருக்கிறது என்று உங்கப்பாவை நான் திட்டாத நாளில்லை, நீயும் கேட்டு வளர்ந்தவள். இப்போது பின்னால் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, நடுவில் தார் குவிந்திருக்க, எதிரே தண்ணீர் வெயிலில் கண்ணாடியாக மின்ன, முன்னால் இருப்பவள் கை அங்கிருந்து துளியும் தெரியாது. அந்த மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொள், கழற்றாதே என்று நச்சரிப்பாரே, என்னைக் கேலிப்பொருளாக்குகிறார் என்று நினைத்து இரண்டு தடவை ஆற்றில் எறிந்தேன், இரண்டு தடவையும் நீந்திப்போய் எடுத்து வந்தார். கட்டையைக் காட்ட நான் சாயும் பக்கம் தொப்பி சாய்வதைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கேட்டிருப்பேனா, அதையும் யோசித்துப் பார்த்தேன், கேட்டிருக்க மாட்டேன்.

அதனால் மகளே, லீமாவுக்கு நான் இப்போது வரவில்லை. கோட்டை நினைத்து வருந்தாதே, குஞ்சுகள் உனக்கு நன்றி சொல்கின்றன. ராத்திரி வேலை வாங்கிக்கொள்ளாதே, ஈரத்தலையோடு படுக்காதே, உன் அப்பா மாதிரி மார்பு வலியை வாயு என்று சொல்லிக்கொண்டிராதே, டாக்டரைப் பார். அக்டோபரில் அப்பாவின் வருஷப் பூசைக்கு வரும்போது மறக்காமல் மோட்டாருக்கு ஒரு பிளக்கு வாங்கி வா, பழையதின் நுனியைக் காகிதத்தில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், பார்த்தால் பன்றி மூக்கு மாதிரி இருக்கும், கடைக்காரருக்குப் புரியும். லாஞ்சு உன்னை ஓடை வாயில் இறக்கிவிடும், தண்ணீர் குறைவு, உள்ளே வராது. யார் படகிலும் ஏறிவிடாதே, கரையிலேயே நில். வளைவுக்கு அந்தப் பக்கம் அந்த இருமல் கேட்கும். பயப்படாதே, அப்பா இல்லை, நான்தான். அழ வேண்டுமென்றால் அங்கேயே அழுதுவிடு, படகில் ஏறினபின் உனக்கு வேலை இருக்கிறது. எனக்கு முன்னால் உட்கார ஆளில்லை. மஞ்சள் தொப்பியைப் படகிலேயே வைத்திருக்கிறேன், வெட்கப்படாமல் போட்டுக்கொள், கட்டை தெரிந்தால் நன்றாகச் சாய்ந்து காட்டு.

மாதாவும் உன் அப்பாவும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

மூன்று சுற்றுச் சுற்றிய உன் அம்மா,
தொமிங்கா