வண்டிக்காரருக்கு விழுந்த இரண்டாவது ஓட்டு

ஓய், நேற்று மகளின் பள்ளிக்கூடத்தில் என் மானம் போயிற்று. பழைய புத்தகக் கண்காட்சிக்கு வீட்டுக்கு ஒன்று கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பழையது என்றால் நீர் என்னிடம் விட்டுப்போன அமெரிக்க உள்நாட்டுப் போர் புத்தகம்தான். டீச்சர் மரியாதைக்கு, "படிச்சிருக்கீங்களா சார்?" என்றார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனிடம் கேட்கிற கேள்வியா அது? "நல்லாத் தெரியும் மேடம், நான் எப்பவும் தெக்குப் பக்கம்" என்றேன். மகள் என் காலை மிதித்து, "அடிமை வச்சிருந்தது அவங்கதாம்பா" என்றாள். எனக்குத் தெரியாததா? பழைய வாய், பழக்கத்தில் உளறிவிட்டது.

புத்தகத்தைப் புரட்டியபோது தேயிலைப் பெட்டி அட்டையில் வெட்டிய ஐந்து ஓட்டுச் சீட்டுகளும் அப்படியே இருந்தன.

வளைகுடாவில் அந்தக் குதைபியா ரூமில் நாம் ஐந்து பேர். உம் அமெரிக்க மேலாளர் ஊர் போகும்போது போட்டுவிட்டுப் போன புத்தகம் அது. வெள்ளிக்கிழமைதோறும் பிரியாணிக்குப் பிறகு நீர் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்போம். தூத்துக்குடிக்காரனான எனக்குத் தெற்கு என்றாலே நம்ம ஆள். யாழ்ப்பாணத்துக்காரரான நீர், "நான் வடக்கு ஐசே" என்று சிரிப்பீர். அடிமைகளைப் பற்றி நீர் வாசித்த வாரம் நான் துணி துவைக்கப் போய்விட்டேன்.

புத்தகம் முடிந்ததும் நீர் கேட்டீர்: "பிரிஞ்சு போன தெற்கு வெண்டிருந்தா, பிறகு ஆர் ஆண்டிருப்பினம்? அவையின்ர சட்டப்படி அதிபருக்கு ஆறு வருசந்தான். திரும்ப நிக்க ஏலாது."

தெற்குப் படையின் வெள்ளைத்தாடித் தளபதிதான் என்று கட்டில்மேல் ஏறி நின்று நான் பிரசாரம் செய்தேன். எலக்ட்ரீசியன் அண்ணன் தம்பி இருவரும் கைதட்டினார்கள். ஜவுளிக்கடை பாய், "சண்டை முடிஞ்சா யாவாரம் நடக்கணும்ல, பஞ்சு முதலாளியப் போடுங்க" என்றார். நீர் மட்டும் ஒரு வண்டிக்காரரை நிறுத்தினீர். அடிமை; ஒளிந்து எழுத்துப் படித்தவர்.

"அவனுக்கு ஓட்டே கிடையாதேவே" என்று சிரித்தேன்.

"இண்டைக்கு இல்லை. வெண்டவன் இவ்வளவு சனத்தை எவ்வளவு காலத்துக்குக் கட்டி வைச்சிருப்பான்? நாலாம் தேர்தல் எண்டு வையும்."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. தளபதி எந்தக் கூட்டத்துக்குத் தளபதி என்றும் புரிந்தது. ஆனால் கட்டில்மேல் நின்று கத்தியவன் உடனே கட்சி மாற முடியுமா?

அன்றைக்கு உமது பாஸ்போர்ட் எட்டு மாதமாகக் விசா கொடுத்த கபீலின் மேசைக்குள் கிடந்தது. உம் மனைவி ஊர்ச் சண்டைக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு படகேறி வந்து திருச்சியில் இருந்தார். இரண்டு முறை கேட்டு, "மாஃபி", இல்லை என்ற பதிலோடு திரும்பியபின் நீர் கேட்பதையே விட்டுவிட்டீர். பிள்ளையின் படத்தைக்கூடப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்.

பிரியாணிச் சட்டியில் சீட்டுப் போட்டோம். பாய் எண்ணினார். தளபதிக்கு இரண்டு, முதலாளிக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு இரண்டு. நீர் சட்டியைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தீர்.

மறுநாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டீர். "எங்கவே?" என்றேன்.

"கபீலிட்ட. ரெண்டு வோட்டு விழுந்த கட்சிக்காரன் ரூமுக்குள்ள குந்தியிருக்கக் கூடாது."

அன்றும் கிடைக்கவில்லை. நீர் மறுபடி போனீர். நான்கு நடைக்குப் பிறகு பாஸ்போர்ட்டோடு வந்தீர்.

போன மாதம் உம் மனைவியின் கடிதம் வந்தது. நீர் தவறிப்போய்விட்டீர் என்று எழுதியிருந்தார். "நான்கு வருடம் எங்களோடு இருந்தார், மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார்" என்றும் எழுதியிருந்தார். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நீர் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, "மற்ற வோட்டு ஆர் ஐசே போட்டது?" என்று கேட்டீர்.

"பாயாத்தான் இருக்கும்" என்றேன்.

பாய் இல்லை ஓய். நான்தான்.