சுவரில் ஒட்டிய கண்ணாடி

மார்ச் 3
சதுக்கத்தின் தாழ்ந்த பக்கத்தில் இன்று மண் கொட்டத் தொடங்கினார்கள். பழைய நகரின் நடுவில் காலங்காலமாகச் சரிந்து கிடந்த இடத்தைச் சமமாக்குவது பொறியாளராக நான் கொடுத்த யோசனை. நகராட்சிக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவ்வளவு மண்ணையும் தாங்கப்போவது கீழ்ப்பக்கத்துக் கருங்கல் சுவர். அதை ஒட்டி வரிசையாகக் கடைகள். அதில் ஒன்று அக்காவின் தையல் கடை.

மார்ச் 9
சுவரில் விரிசல். நகம் நுழைகிறது. "பழைய சுவர்னா அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றார் ஒப்பந்தக்காரர். இருக்கட்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "உடைஞ்சா என்னாகும்?"

"என் வேலை போயிடும்" என்றேன் விளையாட்டாக. உண்மையைச் சொல்லி அவள் தூக்கத்தையும் கெடுப்பானேன்?

மார்ச் 14
உடையவில்லை.

மார்ச் 17
மழை. குடைகூட எடுக்காமல் ஓடினேன். கண்ணாடி முழுசாக இருந்தது. "ஏண்டி பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறே?" என்று அக்கா துண்டை எடுத்துத் தந்தாள்.

ஆனால் விரிசல் அகலமாகியிருக்கிறது. இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. கண்ணாடி உடையாமல் அது எப்படி? என் மண்டைதான் குழம்பிவிட்டதா?

மார்ச் 18
அக்கா கடையில் அப்பா படத்துக்குக் கண்ணாடி இல்லை. வெறும் சட்டம்தான். கேட்டேன். தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நீ ஒட்டினது மறுநாளே உடைஞ்சு போச்சு. இந்தப் படத்துக் கண்ணாடியைக் கழட்டி, படக்கடைக்காரர்கிட்ட துண்டு துண்டா வெட்டி வாங்கி வெச்சிருக்கேன். உடைய உடைய ஒட்டிக்கிட்டிருக்கேன். உன் வேலை போகக் கூடாதுல்ல?"

பாவி, எனக்காக... அந்தச் சுவருக்கடியிலேயே உட்கார்ந்துகொண்டு. என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "எந்திரிக்கா. மெஷினை அப்புறம் எடுத்துக்கலாம், நீ முதல்ல வெளிய வா." அழுதுகொண்டே கடைகடையாக ஏறி எல்லோரையும் வெளியேற்றினேன்.

"யாரைக் கேட்டும்மா கடைங்களை மூடினீங்க?" என்று தலைமைப் பொறியாளர் போனில் குதித்தார்.

"கண்ணாடியைக் கேட்டு சார்."

மார்ச் 21
மத்தியானம் சுவர் விழுந்தது. கடைகள் மண்ணுக்குள் போய்விட்டன. உள்ளே யாரும் இல்லை. எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது— உள்ளே யாரும் இல்லை.

ஏப்ரல் 12
சதுக்கம் சரிவாகவே இருக்கட்டும் என்று முடிவாம். என்னைக் கிடங்குப் பிரிவுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். "வேலை போகலியே, அதுவரைக்கும் சரி" என்கிறாள் அக்கா.

இப்போது என் வீட்டுக் கூடத்தில்தான் தைக்கிறாள். புது மெஷினைச் சுவரோரம் வெளிச்சத்தில் போட்டுக் கொடுத்திருந்தேன். இன்று அலுவலகத்திலிருந்து வந்தபோது, அதைச் சுவரை விட்டுத் தனியாளாகக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் பிடித்துக் கொடுத்தேன்.