என் வெற்றியை ரத்து செய்ய வேண்டுகிறேன்

அனுப்புநர்:
ச. யோகேஸ்வரி, த/பெ சமுத்திரம்,
சத்திரப்பட்டி சாலை,
இராஜபாளையம்.

பெறுநர்:
உயர்திரு. சின்னக்கருப்பன் அவர்கள்,
தலைவர், ஒழுங்கு நடவடிக்கைக் குழு,
தெற்குச் சீமை இணையவழி டார்ட்ஸ் லீக்,
விருதுநகர்.

பொருள்: மகளிர் அரையிறுதியில் எனக்கு வெற்றி அறிவிக்கப்பட்டதை ஆட்சேபித்தும், எதிர்த்து ஆடிய ஸ்ரீவில்லிபுத்தூர் திருமதி வெங்கடேஸ்வரி மீதான பருவத் தடையை நீக்கக் கோரியும் அளிக்கும் மனு.

பார்வை: நடுவர் அறிவிப்பு, நாள் 11.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தோற்றவர்களின் புகார்களைத்தான் தங்கள் குழு இதுவரை பெற்றிருக்கும். வென்றவள் ஒருத்தி தன் வெற்றியின் மீதே புகார் கொடுப்பது புதிதாக இருக்கலாம். மனுதாரருக்கு ஏதேனும் குழப்பமோ என்று தாங்கள் ஐயப்பட வேண்டாம். தெளிந்த மனதோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதுகிறேன்.

1. நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கம்பெனியின் ஓய்வறையில் யாரோ மாட்டிவிட்டுப் போன டார்ட்ஸ் பலகையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எறிந்து பழகியவள். நமது லீக்கில் இது எனக்கு இரண்டாவது பருவம். சென்ற பருவத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறினேன். ஆகவே இந்த அரையிறுதி எனக்கு எவ்வளவு பெரியது என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம்.

2. எதிர்த்து ஆடிய வெங்கடேஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறார். எங்கள் இரு ஊருக்கும் இடையே டவுன் பஸ் ஓடுகிறது. இருந்தும் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கேமரா பலகையை மட்டுமே காட்ட வேண்டும் என்பது நமது விதி. எனவே எனக்கு அவர் முகம் தெரியாது. குரலும், அவர் எறியும் அம்பு பலகையில் இறங்கும் விதமும்தான் தெரியும். நன்றாக இறங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

3. ஐந்து ஆட்டங்களில் மூன்றை முதலில் வெல்பவர் இறுதிப்போட்டிக்குப் போவார் என்பது ஏற்பாடு. ஒவ்வோர் ஆட்டத்திலும் 501 புள்ளிகளில் தொடங்கி, முறைக்கு மூன்று அம்புகள் எறிந்து, எடுத்ததைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை ஓரத்து இரட்டை வளையத்தில் பதித்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆலங்குளத்திலிருந்து திரு. பேச்சிமுத்து அவர்கள் இணையம் வழியாக நடுவராக இருந்தார். விதிப்படி இருவர் வீட்டு மைக்கும் திறந்தே இருந்தன.

4. முதல் ஆட்டம் அமைதியாக நடந்து முடிந்தது. வெங்கடேஸ்வரி வென்றார். இரண்டாவது ஆட்டத்தில் நான் ஒரு நல்ல எறி எறிந்தேன். உடனே அவர் வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் எழுந்தது: "அப்படிப் போடு வெங்கி! அம்புட்டுத்தான், விடாத!" நான் திகைத்துப் போனேன். எறிந்தது நான்; பாராட்டு வெங்கிக்கு. அடுத்து வெங்கடேஸ்வரி அருமையாக எறிந்தார். அதே குரல், "அடடா, இந்த ராசபாளையத்துக்காரி லேசுல விடமாட்டா போலிருக்கே" என்று வருத்தப்பட்டது. என்னைக் குழப்புவதற்காகச் செய்யும் தந்திரம் என்றே நான் அப்போது நினைத்தேன். சற்றுக் கோபமும் வந்தது. அடுத்த முறை நான் எறியக் கோட்டில் நின்றபோதும் அந்தக் குரல் அடங்கவில்லை. விதி 11-இன்படி, எதிராளி கோட்டில் நிற்கையில் பார்வையாளர் சத்தமிடுவது குற்றம் என்று நடுவர் முதல் எச்சரிக்கை கொடுத்தார். வெங்கடேஸ்வரி உள்ளே போய், "செத்த நேரம் சும்மா இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொன்னது எனக்கும் நடுவருக்கும் கேட்டது.

5. அதன்பின் நெடுநேரம் சத்தமில்லை. இரண்டாவது ஆட்டத்தை நானும் மூன்றாவதை அவரும் வென்றோம். நான்காவது ஆட்டத்தில் ஒரு விஷயம் நடந்தது. ஐயா, நான் மூன்று அம்புகளையும் இருபதின் மும்மடங்குக் கட்டத்தில் பதித்தேன். நூற்று எண்பது! கம்பெனி ஓய்வறையில்கூட நான் அதுவரை எடுத்ததில்லை. இரண்டாவது அம்பு பதிந்ததுமே அந்த வீட்டில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. மூன்றாவது அம்பை எறியக் கை ஓங்கும்போதே, "வெங்கி! வெங்கி!" என்று ஒரே ஆரவாரம். இரண்டாவது குற்றம் என்று வெங்கடேஸ்வரி அதற்கு முந்தைய முறையில் எடுத்த புள்ளிகளை நடுவர் ரத்து செய்தார். அதனால்தான் நான்காவது ஆட்டம் எனக்குக் கிடைத்தது. இல்லையென்றால் அதிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

6. ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்று நின்றது. ஐந்தாவதில் வெங்கடேஸ்வரிக்கு மீதி முப்பத்திரண்டு. அதாவது பதினாறின் இரட்டை வளையத்தில் ஒரே ஓர் அம்பு போதும். எனக்கோ இருநூற்றுக்கும் மேல் பாக்கி. நான் கோட்டில் நின்றேன். அப்போது அந்தக் குரல், முன்புபோல் உரக்க அல்ல, கனிவாகவே வந்தது: "பயப்படாமப் போடு வெங்கி. நான் இருக்கேன்ல."

மூன்றாவது குற்றம். ஆட்டம் எனக்கு என்று அறிவிக்கப்பட்டது. வெங்கடேஸ்வரிக்கு இந்தப் பருவம் முழுவதும் தடை.

7. மறுநாள் கம்பெனியில் எனக்குக் கிடைத்த வரவேற்பைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் இருளம்மாள் அக்கா, "ஏட்டி யோகு, எதிராளி வீட்டு ஆம்பளையே ஒனக்குத்தான் கைதட்டுனாராமே? அப்படி என்ன சொக்குப்பொடி போட்ட?" என்று கேட்டார். பேக்கிங் பிரிவு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் "நான் இருக்கேன்ல" என்ற அந்தக் கடைசிச் சொல் என் மனதில் தங்கிவிட்டது. ஒருவரைக் குழப்ப நினைப்பவர் அப்படி ஒரு குரலில் பேசுவாரா என்று யோசித்தேன். வெங்கடேஸ்வரிக்குப் பலமுறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய்விட்டேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயர் தெரிந்திருந்ததால் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை.

8. கதவைத் திறந்தவரிடம், "வெங்கடேஸ்வரி வீடுதானே?" என்றேன். "நூற்று எண்பது அக்காவா?" என்று அவர் கேட்டார். வெங்கடேஸ்வரியேதான்; என் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். அவர்தான் கணவர் திரு. விஜயபாண்டி, ராணுவத்தில் ஹவில்தார். போட்டி நடந்த அன்று காலையில்தான் விடுப்பில் ஊர் வந்து சேர்ந்தாராம். மனைவி டார்ட்ஸ் ஆடுவதைப் போனில் கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர, ஒருநாளும் பார்த்ததில்லை.

9. மூவரும் பேசிப் பார்த்ததில் தெரியவந்தது இதுதான், ஐயா. பலகை அவர்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது; முன்னறையில் பேசினாலே அங்கே கேட்கும். ஆடும் இடத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்ற விதியை மதித்து, வெங்கடேஸ்வரி கணவரை முன்னறையில் உட்காரவைத்து, தம் போனின் திரையைத் தொலைக்காட்சியில் தெரியும்படி செய்துகொடுத்திருக்கிறார். நமது செயலியில் எதிராளியின் பலகை பெரிதாகவும், சொந்தப் பலகை கீழே ஓரத்தில் சிறிதாகவும் தெரியும். பெயர் எதுவும் இராது. இதை அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெரிதாகத் தெரிந்த என் பலகையைத் தம் மனைவியின் பலகை என்று நம்பி, கடைசிவரை எனக்கே உற்சாகம் கொடுத்திருக்கிறார்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கச்சி, தப்பு அம்புட்டும் எம்மேலதான். ஆனா நீங்களே சொல்லுங்க. எம்பொண்டாட்டி போர்டு ஓரத்துல சின்னதா இருக்கும்னு நான் எப்படி நெனைப்பேன்?"

இந்தக் கேள்வியைத் தங்கள் குழுவிடமே விடுகிறேன்.

10. அதுவரை வெங்கடேஸ்வரி கணவரோடு சரியாகப் பேசவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. தாம் நன்றாக எறியும்போதெல்லாம் "அடடா" என்று வருத்தப்படுகிறாரே, தம்மைக் கேலி செய்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். விளக்கம் கேட்ட பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். நான், "உங்க வீட்டுக்காரர் சத்தத்துலதான் எனக்கு நூற்று எண்பதே விழுந்துச்சு" என்றதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "அந்தச் சத்தத்த எனக்குப் போட்டிருந்தா நான் நாலாவதுலேயே முடிச்சிருப்பேனே, அக்கா!" என்றார். ஹவில்தாரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி வந்தது.

மேல்முறையீடு செய்யுமாறு நான் வற்புறுத்தினேன். வெங்கடேஸ்வரி மறுத்துவிட்டார். "விதி விதிதான். என் வீட்டுச் சத்தத்துக்கு நாந்தானே பொறுப்பு" என்றார். அவர் எழுதமாட்டார் என்பதால்தான் நான் எழுதுகிறேன்.

11. பேச்சு முடிந்து நான் கிளம்ப எழுந்தபோது, எங்கள் இருவர் கண்ணும் பின்கட்டுப் பலகையின் மேல் போனது. "ஒரு கை பாப்பமா?" என்று யார் முதலில் கேட்டது என்று இப்போது நினைவில்லை. நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக நடுவர் பேச்சிமுத்து அவர்களைப் போனில் வீடியோவில் அழைத்தோம். அவர், "இது லீக் கணக்குல வராது, பாத்துக்கோங்க. ஆனா நான் கண்ணால பாத்தத பாக்கலைன்னு சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, முழு ஆட்டத்துக்கும் இருந்தார்.

ஹவில்தார் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். மூச்சுகூட விடவில்லை. முதல் ஆட்டம் எனக்கு வந்தது. உடனே வெங்கடேஸ்வரி திரும்பி, "இப்பக் கத்துங்க. இப்ப நேர்லதானே நிக்கேன்" என்றார். ஹவில்தார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதன்பின் அணிவகுப்பு மைதானத்தில் பழகிய அந்தக் குரல் தன் முழு அளவில் வெளிவந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வெங்கடேஸ்வரி வரிசையாக வென்றார். கடைசி அம்பு பதினாறின் இரட்டை வளையத்தில்தான் இறங்கியது. சுத்தமான எறி. நானும் கைதட்டினேன்.

12. மேற்படி காரணங்களால் நான் சொல்ல விரும்புவது: விதி 11-இன் நோக்கம், எதிராளியின் கவனம் சிதறாமல் காப்பது. அந்த எதிராளி நான். முதலில் திகைத்தாலும் என் கவனம் சிதறவில்லை. என் ஆட்டம் உயர்ந்தது. இதற்கு என் புள்ளிகளே சாட்சி. நடுவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் தம் காதில் விழுந்ததை வைத்து, விதியில் உள்ளபடி நடந்தார். இந்த மனுவின் ஒவ்வொரு பத்தியையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். தமக்கு ஆட்சேபணை இல்லை என்று கையொப்பமிட்டு அனுப்பிய தாளையும் இணைத்துள்ளேன்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) அரையிறுதியில் எனக்கு அறிவிக்கப்பட்ட வெற்றியை ரத்து செய்யவும்,

ஆ) திருமதி வெங்கடேஸ்வரி மீதான தடையை நீக்கி, வரும் ஞாயிற்றுக்கிழமை வ. புதுப்பட்டி வீராங்கனையோடு நடக்கவிருக்கும் இறுதிப்போட்டியில் அவரையே ஆடச் செய்யவும், மறு ஆட்டம் வைத்தே தீரவேண்டும் என்று குழு கருதினால் அதற்கும் நான் தயார் என்பதைப் பதிந்துகொள்ளவும்,

இ) செயலியில் ஒவ்வொரு பலகைக்கு மேலும் ஆடுபவரின் பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் போடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

13. இன்னொரு வேண்டுகோள். இது விதிக்குள் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. திரு. விஜயபாண்டி அவர்களின் விடுப்பு இறுதிப்போட்டிக்கு மறுநாளோடு முடிகிறது. அவரைப் பார்வையாளராக அனுமதிக்க வேண்டும். எதிராளி கோட்டில் நிற்கும் நேரத்தில் அவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு நான் பொறுப்பு. அன்று நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டு முன்னறையில் அவர் பக்கத்திலேயே இருப்பேன். அதற்கு வெங்கடேஸ்வரி சம்மதித்துவிட்டார். மதியச் சாப்பாடும் அங்கேதான் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த விடுப்பு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. வெங்கடேஸ்வரி வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, அவர் தம் மனைவியின் ஆட்டத்தை ஒருமுறையாவது சரியான பலகையில் பார்த்துவிட்டு எல்லைக்குத் திரும்பட்டும், ஐயா.

நல்ல உத்தரவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ச. யோகேஸ்வரி

இடம்: இராஜபாளையம்
நாள்: 17.06.2025

இணைப்பு: நடுவர் திரு. பேச்சிமுத்து அவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதம்.